யார்ட்டில் எல்லாவற்றையும் இரண்டு தரம் சொல்வார்கள்

எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. ரூ காய் என்ற தெருவில் நான் சமைக்கும் உணவகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அந்த ஒரு நாளைக் கழிக்கத் தெரியாமல், லாச்சப்பலில் எங்கள் ஐந்தாம் மாடி வீட்டின் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டே இருப்பேன். ஜன்னலுக்குக் கீழே கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் போகும் தண்டவாளங்கள். ரயில்களாவது எங்கேயோ போகின்றன என்று பொறாமையாக இருக்கும்.

அந்த நடையை நிறுத்தத்தான் பழைய சாமான் சந்தையில் ஸ்கானர் வாங்கினேன். காற்றில் போகும் பேச்சைத் தேடிப் பிடிக்கும் கைக்கடக்கமான கறுப்புப் பெட்டி. ஓடும் ரயில்களின் பேச்சை இப்போது யாரும் கேட்க முடியாதபடி பூட்டிவிட்டார்கள். ஆனால் ரயில்களை நிறுத்திவைக்கும் யார்ட்டில் பெட்டிகளைக் கழற்றிப் பூட்டுகிறவர்கள் இன்னும் பழைய வோக்கிடோக்கியில்தான் பேசுகிறார்கள். கீழே நிற்பவர் "எட்டாம் பாதையில் பொறு" என்பார். எஞ்சினில் இருப்பவர் "எட்டாம் பாதையில் பொறுக்கிறேன், விளங்கியது" என்பார். திருப்பிச் சொல்லாவிட்டால் சொன்னது போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். அதுவரை எதுவும் அசையாது.

பதினெட்டு வருடத்தில் என் மண்டையில் ஏறாத பிரெஞ்சு, அந்தப் பெட்டியால்தான் ஏறியது. சமையலறையில் எல்லோரும் எங்கள் ஆட்கள். வெளியே வெள்ளைக்காரர் ஒரு தரம் சொல்லிவிட்டுப் போய்விடுவார். நான் முதல் சொல்லிலேயே நின்றுகொண்டிருப்பேன். என் பிள்ளைகளும் அப்படித்தான், பிரெஞ்சில் ஒன்றைச் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விடுவார்கள். யார்ட்காரர்கள் மட்டும் எனக்காகவே சொல்வதுபோல் எல்லாவற்றையும் இரண்டு தரம் சொன்னார்கள். முதல் தரம் விளங்காதது இரண்டாம் தரம் விளங்கியது. வெங்காயம் வெட்டும்போதும் அதே ராகத்தில் சொல்லிப் பார்ப்பேன்.

என் மனைவிக்கு அந்த இரைச்சல் பிடிக்காது. அவள் வன்னியில் வளர்ந்தவள்.

"இஞ்சாருங்கோ, ஊரில வோக்கியோட திரிஞ்ச ஆக்களுக்கு என்ன நடந்தது எண்டு மறந்து போச்சோ? உதைக் கேக்க இஞ்சை சட்டம் விடுமோ?"

"ஆரிட்டைப் போய்க் கேக்கிறது? கேட்டால்தானே நான் கேக்கிறன் எண்டு தெரிய வரும்."

அவள் பயந்ததற்குக் காரணம் இருந்தது. நான் பிரெஞ்சுக் குடியுரிமைக்கு இரண்டாம் தரம் விண்ணப்பித்திருந்தேன். முதல் தரம் மொழி போதாது என்று திருப்பிவிட்டார்கள். அவளுக்கும் பிள்ளைகளுக்கும் எப்போதோ கிடைத்துவிட்டது. விமான நிலையத்தில் அவர்கள் மூவரும் ஒரு வரிசையில் விறுவிறுவென்று போய், அந்தப் பக்கம் நின்று எனக்காகத் திரும்பிப் பார்ப்பார்கள். மற்ற வரிசையில் பத்து வருட வதிவிடக் கார்டைப் பிடித்துக்கொண்டு நான் நிற்பேன். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடிவதில்லை.

குடியுரிமைக் கோப்புகளைப் பார்க்கும் பிரிபெக்சர் அலுவலகத்தில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண் அதிகாரி. எனக்குக் கால் ஆடிக்கொண்டே இருந்தது. என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். "நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்கிறீர்கள். விளங்கியது. உணவகத்தில் சமையல்" என்றேன். எத்தனை பிள்ளைகள் என்றார். "எனக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்கிறீர்கள். விளங்கியது. இருவர்." நாலாவது கேள்வியில் அவர் பேனா நின்றது.

"நீங்கள் என்னைக் கேலி செய்கிறீர்களா?"

"இல்லை மேடம். திருப்பிச் சொன்னால்தான் சரியாக விளங்கியது என்று உங்களுக்குத் தெரியும். ரயில் யார்ட்டில் அப்படித்தான் பேசுவார்கள்."

"சமையல்காரர் என்றல்லவா சொன்னீர்கள்?"

நுணலும் தன் வாயால் கெடும். நண்பன் ஒருவன் யார்ட்டில் வேலை செய்கிறான் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பொய்யை எனக்குப் பிரெஞ்சில் சொல்ல வராது. யார்ட்டில் யாரும் பொய் சொல்வதில்லை; அதனால் அதற்கான வாக்கியங்களை நான் படிக்கவில்லை. ஜன்னல், ஸ்கானர், திங்கட்கிழமை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்படி என்ன பேசுகிறார்கள்?"

"பெரும்பாலும் 'பொறு' என்பார்கள், மேடம். பாதை இன்னும் கிடைக்கவில்லை, பொறு. சில நாட்களில் ஒரு மணி நேரம் கேட்டாலும் அதுதான்."

அவர் சிரிக்கவில்லை. கோப்பில் இரண்டு வரி எழுதினார். தலைகீழாக இருந்ததால் என்னால் வாசிக்க முடியவில்லை. பிறகு கோப்பை மூடினார். "முடிவு கடிதத்தில் வரும். பொறுத்திருங்கள்."

"முடிவு கடிதத்தில் வரும். பொறுத்திருக்கிறேன். விளங்கியது" என்றேன். வாய் என் சொல்லைக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி என்னைத் திட்டவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. ஸ்கானரைப் பையில் சுற்றி, அலுமாரியின் மேல் தட்டில் போர்வைகளுக்குப் பின்னால் வைத்தாள். "கடிதம் வருமட்டும் உதைத் தொடக்கூடாது" என்றாள். ஏழு மாதமாகிறது. அந்த இரண்டு வரியில் என்ன இருந்திருக்கும் என்று யோசித்து யோசித்து, ஜன்னலுக்கும் கதவுக்கும் இடையில் பழையபடி நடக்கிறேன்.

போன திங்கட்கிழமை ஒரு வெற்று ரயில் கீழே வெகுநேரம் நின்றது. செம்மஞ்சள் அங்கி போட்ட ஒருவர் வோக்கியை வாய்க்கு உயர்த்தி ஏதோ சொன்னார். மனைவி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"என்னவாம்?"

"பொறுக்கட்டாம்."

"அப்ப பொறுங்கோவன்."

"பொறுக்கிறன், விளங்கினது" என்று சொல்லிவிட்டு, தபால்பெட்டியைப் பார்க்க ஐந்து மாடியும் இறங்கினேன். அன்றைக்கு அது மூன்றாம் தரம்.