எழுமலையிலிருந்து வந்த ரத்தம்

பழங்காநத்தத்தில் நாகஜோதி வேலை பார்த்த ரத்தப் பரிசோதனை லேபில் காலையில் முதல் வேலை, மிஷினுக்குக் கண்ட்ரோல் போடுவது. விடை தெரிந்த திரவத்தை ஊற்றி, மிஷின் அதே விடையைச் சொல்கிறதா என்று பார்ப்பாள். சொன்னால்தான் நோயாளிகளின் ரத்தம் உள்ளே போகும். அதில் அவளை ஒருவரும் குறை சொல்ல முடியாது.

மாதம் ஒரு முறை வெளியிலிருந்தும் ஒரு சாம்பிள் வரும். அதன் விடை அனுப்பியவர்களுக்கு மட்டுமே தெரியும். மிஷினை மட்டுமல்ல, லேபையே எடைபோடும் பரீட்சை அது. நோயாளியின் ரத்தத்தைப் போலவே அதையும் பார்க்க வேண்டும் என்பது விதி. யார் கேட்டார்கள்? அன்றைக்கு அதற்கு மாப்பிள்ளை மரியாதை. மிஷினைக் கழுவித் துடைத்து, திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துத்தான் விடை அனுப்புவார்கள். 'மிகச் சிறப்பு' என்று சான்றிதழ் வரும். முதலாளி உக்கிரபாண்டி அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிடுவார்.

எழுமலை ஊரிலிருந்து நோயாளிகளின் ரத்தத்தோடு பஸ்ஸில் குலுங்கி வரும் குழாய்களுக்கு அந்த மரியாதை கிடையாது. குலுங்கலில் ரத்த அணுக்கள் உடைந்து, மேலே தெளியும் நீர் சிவந்திருக்கும். அணுவுக்குள் இருந்த பொட்டாசியம் அதில் கலந்து, அளவைக் கூட்டிக் காட்டும். முறைப்படி அதைத் திருப்பிவிட்டு வேறு ரத்தம் கேட்க வேண்டும்.

"திருப்பிவிட்டா அடுத்த தடவை வேற லேபுக்குப் போயிருவாங்கம்மா" என்பார் உக்கிரபாண்டி. நாளடைவில் அந்தச் சிவப்பு அவள் கண்ணுக்குப் பழகிவிட்டது.

சித்திரை வெயிலில், எழுமலையில் இருந்த அவள் தம்பி அழகுபாண்டிக்கு வாந்தியும் பேதியும் கண்டு கால்கள் துவண்டுபோயின. அவன் ரத்தமும் அதே பஸ்ஸில்தான் வந்தது. நீர் சிவந்துதான் இருந்தது. பொட்டாசியம் நார்மல். கூட்டிக் காட்டியே நார்மல் என்றால் உண்மையில் எவ்வளவு குறைவோ என்று அவள் யோசித்திருக்க வேண்டும். தம்பிக்கு ஒன்றுமில்லை என்ற சந்தோஷத்தில் யோசிக்கவில்லை.

"எல்லாம் நார்மலா இருக்குடா. கஞ்சியக் குடிச்சுட்டுப் படு, நாளைக்கு வாரேன்" என்று போனில் சொன்னாள்.

மறுநாள் அவனை மதுரைக்குத் தூக்கிவந்தார்கள். ஆஸ்பத்திரியில் எடுத்த ரத்தத்தில், இதயத் துடிப்புக்கு வேண்டிய பொட்டாசியம் வாந்தி பேதியில் வடிந்து அடிமட்டத்தில் இருந்தது. மருந்து ஏற்றி முடிப்பதற்குள் இதயம் நின்றுவிட்டது.

காரியம் முடிந்ததும் தம்பி மனைவி முத்துமீனா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவோம்னேன் மதினி. அக்காவே பாத்துச் சொல்லிருச்சு, இனி என்ன பயம்னு சிரிச்சுட்டுப் படுத்தாரு."

நாகஜோதி உடைந்து அழுதாள். "நான் சொன்னது தப்புடி மீனா. அவன் போனதுக்கு நாந்தேன் காரணம்."

"அப்படிச் சொல்லாதீக. நீங்க என்ன செய்வீக?" முத்துமீனா அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். "சின்னவளுக்கு நேத்திருந்து காய்ச்சல் அடிக்குது மதினி. ரத்தம் எடுத்து அனுப்பிவிடுறேன். நீங்களே பாத்துச் சொன்னாத்தேன் எனக்கு நிம்மதி."

"வேணாம்டி!" நாகஜோதி கத்திக்கொண்டே எழுந்தாள். "எனக்கு மட்டும் அனுப்பிராத."