அணைக்கக் கூடாத கம்ப்யூட்டர்

செங்கம் ரோட்டு லாட்ஜில் கம்ப்யூட்டரை அணைக்க வினோதினி யாரையும் விடமாட்டாள். அறை பதிவு செய்யும் புரோகிராமை எழுதியவளே அவள்தான். எழுதப் பயன்பட்ட டேட்டாபேஸ் சாஃப்ட்வேரில் ஒரு கோளாறு. நாள் முன்னால், மாதம் பின்னால் என்று செட்டிங்கை மாற்றி வைத்தால், மூடித் திறந்ததும் அதை மறந்துவிடும். அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முன்னால் போட்டுக்கொள்ளும். அதற்கு அவள் கண்ட வைத்தியம், மூடாமலே இருப்பது. கரண்ட் போய்ப் பேட்டரியும் தீர்ந்தால் ஓடிவந்து செட்டிங்கை மாற்றுவாள்.

முதலாளி கோதண்டராமனிடம் இதைச் சொல்லவில்லை. "ஒரு தப்பு வந்தாலும் பழையபடி நோட்டுதான்" என்று சொல்லித்தான் அவர் வேலை கொடுத்திருந்தார். வேலை போனால் ஊருக்குத் திரும்ப வேண்டும். அங்கே மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதனால் லீவே போடவில்லை. அக்கா குழந்தையின் காதுகுத்துக்கும் போகவில்லை. பாவம், ஒரு பெட்டிக்குக் காவல் கிடக்கும் பிழைப்பு.

2003 ஆயுத பூஜையன்று முதலாளி சந்தனக் கிண்ணத்தோடு வந்தார்.

"ஆஃப் பண்ணும்மா. பூஜைல வெக்கணும்."

"ஓடறப்பவே பொட்டு வெச்சிடலாம் சார்."

"உங்க வீட்ல ஏர் ஓட்டிக்கினே பொட்டு வெப்பாங்களா?"

அவள் விவசாயி மகள். அணைத்தாள்.

மறுநாள் விஜயதசமி. அவள் வருவதற்குள், நல்ல நேரம் பார்த்து, முதல் பதிவைக் கோதண்டராமனே தன் கையால் போட்டுவிட்டார். கார்த்திகை தீபத்துக்கு வரும் ஒரு குடும்பம். 7/12 என்று அடித்திருந்தார். அது டிசம்பருக்குப் போகாமல் ஜூலை பன்னிரண்டில் உட்கார்ந்திருந்தது. தீபத்தன்று அந்த அறை காலி என்றது திரை.

சத்தமில்லாமல் திருத்தியிருக்கலாம். ஆனால் அடுத்த முறை தன் கண்ணில் படாமல் போய், தீபத்தன்று பிள்ளைகளோடு ஒரு குடும்பம் தெருவில் நிற்பதை நினைத்ததும் முதலாளியைக் கூப்பிட்டாள்.

"நீங்க போட்டது ஜூலைல விழுந்திருக்கு. தப்பு உங்களுது இல்ல சார். சாஃப்ட்வேர் தேதியை மாத்திடுது. இத்தினி நாளா மறைச்சிட்டேன்."

அவர் குனிந்து திரையைப் பார்த்தார். "சரி பண்ண முடியுமா?"

"முடியும். இன்னிக்கு ஒரு நாள் நோட்டுல எழுதிக்குங்க சார்."

வழி அவளுக்கு எப்போதோ தெரியும். புரோகிராமை நிறுத்தினால் காரணம் சொல்ல வேண்டுமே என்றுதான் தள்ளிப்போட்டாள். நாளுக்கு ஒரு கட்டம், மாதத்துக்கு ஒன்று, வருஷத்துக்கு ஒன்று என்று பிரித்தாள்; மாதத்தைப் பெயர் பார்த்தே தேர்ந்தெடுக்க வைத்தாள். மதியத்துக்குள் முடிந்தது. அணைத்தாள், போட்டாள், மறுபடி பதிந்தாள். டிசம்பர் ஏழு டிசம்பரிலேயே இருந்தது.

"இதுக்காகவா நீ லீவே போடல?" என்றார் கோதண்டராமன்.

தலையாட்டினாள்.

"மெஷினுக்குக்கூட நேத்து லீவு விட்டேன். உனக்கு விடணும்னு தோணலையே."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். இதற்குத்தான் அழுகை வந்துவிட்டது. அன்று சாயங்கால பஸ்ஸிலேயே லீவில் ஊருக்குப் போனாள். கம்ப்யூட்டரை முதலாளியே அணைத்துவிட்டுப் போனார்.