வண்டுவின் முழுப்பெயர்

ஃபிரிட்ஜ் மெக்கானிக்குக்குப் பிடித்தது காபிதான். ஆனால் கடையில் போய் நின்றால் டீதான் கேட்பார். 'கா' என்ற எழுத்து தொண்டையில் வந்து முட்டிக்கொண்டு நிற்கும். பின்னால் ஆள் சேர்ந்துவிடும். கடைக்காரர் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். 'டீ' என்றால் தொல்லையில்லை. சின்ன வயதிலிருந்தே அவருக்குப் பேச்சு திக்கும். வராத சொல்லோடு மல்லுக்கட்டாமல் வேறு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கிப் போகப் பழகிவிட்டார். 'கம்ப்ரஸர்' வராத நாளில் அது 'மோட்டார்' ஆகிவிடும். வேலைக்குக் கூப்பிடுகிறவர்களின் போனை மனைவிதான் எடுப்பாள்.

கல்யாணமாகி ஆறு வருடம் கழித்துப் பெண் பிறந்தது. மருத்துவமனைக் கட்டிலில் சாய்ந்தபடியே மனைவி சொல்லிவிட்டாள்.

"கார்குழலி. ஏழாங்கிளாஸ்லயே முடிவு பண்ணி வெச்ச பேரு."

அவளுடைய அக்கா குழந்தையின் மண்டையைத் தடவிப் பார்த்தாள். "நாலு முடி தேறாது. இவளுக்குப் போய்க் கார்குழலியா?"

"முடி வளராமலா போயிடும்?"

"தம்பி, நீங்க சொல்லுங்க."

அவர் தலையாட்டினார். மனைவியின் முகத்தைப் பார்த்தபிறகு வேறு எப்படி ஆட்டுவது?

மறுநாளே தன் கடையில் அந்தப் பெயரைச் சொல்லிப் பழக ஆரம்பித்தார். கதவு கழற்றிய ஃபிரிட்ஜ் ஒன்றுக்குள் தலையை விட்டுக்கொண்டு, "கா... கா..." என்று முயன்றார். பக்கத்துத் தையல்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்னண்ணே, உள்ள காக்கா மாட்டிக்கிச்சா?"

மெக்கானிக்குக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அன்றோடு பழகுவதை விட்டுவிட்டார். வீட்டில் குழந்தையை "இந்தா" என்பார், "யாரு இது" என்பார், நாக்கைச் சொடுக்குவார். பெயரை மட்டும் சொல்வதில்லை.

மூன்று வாரம் பொறுத்த மனைவி, துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "பேரு பிடிக்கலைன்னா அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"பி... பிடிச்சிருக்கு."

"அப்புறம் ஏன் ஒரு தடவைகூடக் கூப்பிடல?"

அவர் கூப்பிட்டுக் காட்டினார். முதல் எழுத்திலேயே தாடை இறுகிக் கழுத்து நரம்பு புடைத்தது. அவள் கையிலிருந்த சட்டை அப்படியே நின்றது.

"ஐயோ, எனக்கு இது தோணவே இல்லையே. மாத்திடலாங்க. உங்களுக்கு எது சுலபமா வருதோ அதையே வெப்போம்."

"வேணாம். நீ ஆசையா வெச்ச பேரு. எனக்காக அவ ஏன் பேரை விடணும்?" இதைச் சொல்லி முடிக்க அவருக்கு நேரமாயிற்று. அவள் குறுக்கே பேசவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, மனைவி குளிக்கப் போயிருந்தபோது குழந்தை அவர் மீசையைப் பிடித்து இழுத்தது.

"விடுடி வண்டு, வலிக்குதுல்ல. கண்ணைப் பாரு, மையில முக்கி எடுத்த மாதிரி உருட்டுறா. என்ன பார்வை? நாளைக்குக் கடைக்கு வர்றியா? அப்பா உனக்கு ஒரு ஃபிரிட்ஜைக் கழட்டிக் காட்டட்டுமா?"

நிமிர்ந்தார். ஈரத் தலையோடு மனைவி வாசற்படியில் நின்றிருந்தாள். அப்போதுதான் அவருக்கே உறைத்தது, ஓர் இடத்தில்கூடப் பேச்சு தடுக்கவில்லை.

"என்னன்னு கூப்பிட்டீங்க?"

"வண்டு."

"இன்னொரு தடவை."

"வண்டு," என்றார். கண் கலங்கியது, மீசை வலி என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

பிறப்பைப் பதிய அவரே போனார். பெயரை எழுதித் தருகிறேன் என்றாள் மனைவி. வேண்டாமென்றுவிட்டார். அலுவலக ஜன்னலுக்குள் இருந்த அம்மா, "குழந்தை பேரு?" என்றார். முதல் தடவை வரவில்லை, இரண்டாம் தடவையும் வரவில்லை. வரிசையில் யாரோ செருமினார்கள். அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

மூன்றாவதில் வந்தது. முழுசாக.

"அழகான பேரு. வீட்டுல எப்படிக் கூப்பிடுவீங்க?"

"வண்டு," என்றார் பட்டென்று.

அந்த அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அதுக்கு இதுல இடமில்லையே சார்."

வண்டுவுக்கு இப்போது ஐந்து வயது. இரட்டைச் சடை போடுகிற அளவுக்கு முடி. அப்பாவின் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து எதையாவது கழற்றி வைத்தால்தான் முழுப்பெயர் வெளியே வரும். அவர் "கா..." என்று ஆரம்பிப்பார். அவள் ஓடமாட்டாள். கையைக் கட்டிக்கொண்டு, அண்ணாந்து அவர் முகத்தைப் பார்த்தபடி நிற்பாள். பெயர் வந்து சேர்வதற்குள் கோபம் போன இடம் தெரியாது.