மூன்றாவது செடியின் உயரம்

கோழி எருவின் கார வாடையும் காலைப் பனியில் ஊறிய மண்ணின் வாசமும் கலந்து மூக்கில் ஏறினால், எங்களுக்கு விவசாயப் பாடம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். எழுபதுகளின் பிற்பகுதியில், மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் வரிசை வீடுகளான ‘லயத்தி’லிருந்து தினமும் பஸ் பிடித்து டவுன் இடைநிலைப் பள்ளிக்குப் போய்வந்துகொண்டிருந்த நான் அப்போது மூன்றாம் படிவம், அதாவது ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்குப் பின்னாலிருந்த சரிவை வெட்டி ஆளுக்கொரு பாத்தி கொடுத்திருந்தார்கள். அதில் பீன்ஸ் நட்டு, பத்துச் செடிகளின் உயரத்தை வாரம் ஒருமுறை அளந்து ‘ரெக்கோட் புக்’கில் எழுத வேண்டும், அந்த மதிப்பெண் ஆண்டுக் கடைசித் தேர்வோடு சேரும்.

பாடம் நடத்தியவர் ஹாலிம் என்ற மலாய் ஆசிரியர். மலாய் ஆசிரியர்களை நாங்கள் ‘சிக்கு’ என்றுதான் கூப்பிடுவோம். அவரவர் செடியை அவரவரே அளக்க வேண்டும், பார்த்து எழுதினால் அந்தப் புத்தகத்துக்கு முட்டை என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

எனக்கு அடுத்த பாத்தி சரோஜாவுடையது. எங்கள் லயத்திலேயே இரண்டு வீடு தள்ளி இருந்தவள். அவள் அம்மா முனியம்மா கொழுந்து பறிப்பவர். வகுப்பில் நான் முதல் ஐந்து பேருக்குள் வருவேன், அவள் கடைசி ஐந்து பேருக்குள். ஆனால் செடி வளர்ப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

அந்தச் சமயம் பார்த்து எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து, இரண்டு வாரம் அம்மா என்னை வாசல் தாண்ட விடவில்லை. திரும்பிப் போனபோது புத்தகத்தில் இரண்டு பக்கங்கள் வெறுமையாக இருந்தன. மறுநாள் ஒப்படைத்தாக வேண்டும். பஸ்ஸில் சரோஜாவிடம் கேட்டேன். “இந்தா, ஆனா அப்படியே எழுதிடாதலா” என்று சொல்லித்தான் கொடுத்தாள். நான் அப்படியேதான் எழுதினேன். அவளுடைய மூன்றாவது செடியைப் புழு தின்று, இருபத்திரண்டு செண்டிமீட்டர் ஒன்பதாகக் குறைந்திருந்தது. என்ன ஏது என்று யோசிக்காமல் அந்த ஒன்பதையும் சேர்த்து எழுதிவைத்தேன்.

நான்கு நாள் கழித்து சிக்கு எங்கள் இருவரின் புத்தகங்களையும் வகுப்பில் தூக்கிக் காட்டினார்; இரண்டிலும் ஒரே எண்கள். என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சரோஜாவைத்தான் எழுப்பி, பார்த்து எழுதினாயா என்றார். “இல்ல சிக்கு” என்றாள். அப்படியானால் அவள் உன்னுடையதைப் பார்த்து எழுதினாளா என்று என்னைக் காட்டிக் கேட்டபோது பின்வரிசையில் சிரித்தார்கள். அவள் குனிந்துகொண்டாள். நானும் குனிந்துகொண்டேன். அவள் புத்தகத்தில் சிவப்பு மையில் முட்டை விழுந்தது. அம்மாவைக் கூட்டிவரவும் உத்தரவானது.

மறுநாள் முனியம்மா கங்காணியிடம் சொல்லிவிட்டு, செடி ஈரம் படாமலிருக்க இடுப்பில் சுற்றிய ரப்பர் சீட்டைக்கூட அவிழ்க்காமல் நேரே மலையிலிருந்து வந்து நின்றார். அவருக்குத் தெரிந்த மலாய் கடையில் சாமான் வாங்கத்தான் போதும். அதனால் மொழிபெயர்க்க ஆள் வேண்டுமென்று சிக்கு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். என்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

“எம்மவ படிப்புல மட்டந்தான் சிக்கு. அதுக்காகக் களவெடுத்தான்னு சொல்லலாமா? வீட்டுக்கு வந்தா இந்தச் செடிப் பேச்சுத்தான். பூச்சி கடிச்ச அன்னிக்குச் சோறு திங்கல” என்றவர், என் பக்கம் திரும்பி, “நீயே சொல்லு தாயி, உனக்குத் தெரியாததா?” என்றார்.

முதல் வாக்கியத்தை மலாயில் சொன்னேன். இரண்டாவதையும் சொன்னேன். பூச்சி கடித்த இடத்துக்கு வந்தபோது நான் பார்த்து எழுதிய அந்த ஒன்பது நினைவுக்கு வந்தது. பிறகு மலாயிலேயே, “நான்தான் சிக்கு, அவளுடையதைப் பார்த்து எழுதினேன்” என்றேன். முனியம்மாவுக்கு அது புரியவில்லை. தான் சொன்னதைத்தான் நான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்து, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

சிக்கு அவரை உட்காரவைத்துவிட்டு என்னைப் பாத்திக்கு அழைத்துப் போனார். என் மூன்றாவது செடி குச்சியைப் பற்றிக்கொண்டு இடுப்புயரம் நின்றது; சரோஜாவுடையது கட்டையாக இருந்தது. சிக்கு முதலிலேயே வந்து பார்த்திருந்தால் அரை நிமிட வேலை. தோட்டத்து ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டினால் அந்த இரண்டு வாரத்தைத் தள்ளிவிட்டு மீதிக்கு மதிப்பெண் போடலாம், அதுவும் விதியில் இருக்கிறது, வெறுமையாக விட்டிருந்தால் உனக்கு எந்த நட்டமும் இல்லை என்று சத்தம் போடாமல் சொன்னார். அவர் திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

திரும்பி வந்து முனியம்மாவிடம், அவருக்குப் புரிகிற எளிய மலாயில், “தப்பு என்னுடையது. விசாரிக்காமல் முடிவு செய்துவிட்டேன்” என்றார். சரோஜாவின் முட்டையை அடித்துவிட்டு, வகுப்பிலும் அதைச் சொன்னார். முட்டை என் புத்தகத்துக்கு வந்தது. யார் எழுதினது என்பதை மட்டும் அவர் அந்த அம்மாவிடம் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. “நல்லா எடுத்துச் சொன்னியே” என்று என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்துவிட்டு முனியம்மா லோரி பிடிக்கப் போனார்.

சரோஜா ஒரு மாதம் பஸ்ஸில் வேறு இருக்கையில் உட்கார்ந்தாள். பிறகு ஒரு நாள் தானாகவே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தேர்வில் அந்தப் பாடத்தில் நான் தேறியதே பெரிது. அவள் நல்ல தேர்ச்சி பெற்றாள்.

அந்தச் சரிவில் இன்று சிமெண்டு மண்டபம் நிற்கிறது. பிள்ளைகளின் பாடவேலை கணினியில் அச்சாகி வருகிறது. எங்கள் லயத்தை இடித்துவிட்டார்கள். சரோஜாவும் அவள் கணவரும் அதே மலையில் திரிங்காப் என்ற ஊரில் பூத்தோட்டம் வைத்திருக்கிறார்கள். போகும்போதெல்லாம் ஒரு கட்டுச் சாமந்தி கொடுத்தனுப்புவாள். முனியம்மா போன வருடம் காலமானார். கடைசிவரை, வீட்டுக்கு வருகிறவர்களிடம் என்னைக் காட்டி, “எம்மவளுக்காகச் சிக்குகிட்ட வாதாடுன புள்ள” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். சரோஜா அதைக் கேட்டுக்கொண்டே காப்பி கலக்குவாள். ஒரு தடவைகூட அவள் திருத்தியதில்லை, நானும்தான்.