காலர் தேய்த்த நேரம்

என் கணவர் மிலிட்டரியில் இருந்தவர். கசங்கிய சட்டையோடு எங்கள் சேத்தூர்த் தெருவில்கூட இறங்கமாட்டார். ஒரு ஞாயிறு காலை, சர்ச்சுக்குக் கிளம்பும்போது, "நெஞ்சை என்னமோ அமுக்குது" என்று உட்கார்ந்துவிட்டார். ஃபேன் ஓடியும் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"நூத்தியெட்டுக்குப் போன் போடட்டா?" என்றேன்.

"இதுக்குப் போயி ஆம்புலன்ஸா? தெருவே வேடிக்கை பாக்கும். வேற சட்டை தேச்சுக் குடு, ராஜபாளையத்துக்குப் பைக்லயே போயிருவோம்."

அவர் சொன்னால் சொன்னதுதான். இஸ்திரிப் பெட்டி சூடாகும்வரை காத்திருந்து, காலரைக்கூட விடாமல் தேய்த்தேன். பட்டன் போட்டுவிட்டபோது விரலில் பட்ட நெஞ்சு ஜில்லென்று இருந்தது. வாசலைத் தாண்டுவதற்குள் சரிந்துவிட்டார். அதன்பிறகுதான் ஆம்புலன்ஸை அழைத்தேன்.

ஆஸ்பத்திரியில் அந்தச் சட்டையை நர்ஸ் கத்தரியால் வெட்டி எடுத்தார்.

அடைப்பை நீக்கிய டாக்டர், "அந்த வேர்வையே அட்டாக்கோட அடையாளம்மா. அப்பவே கூப்பிட்டிருந்தா இதயம் இம்புட்டுப் பாழாயிருக்காது" என்றார்.

பிழைத்துவிட்டார். ஆனால் நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. இப்போதும் சட்டை தேய்த்துத்தான் கொடுக்கிறேன்; கொடுக்கும்போது முதுகு நனைந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறேன். இனி ஆம்புலன்ஸை அழைத்த பிறகுதான் அவரிடம் சொல்வேன். கேட்கமாட்டேன்.