வேலுசாமியின் நாலாவது போன்

மல்லசமுத்திரத்துக்காரரான வேலுசாமி ரிக் வண்டியில் டிரில்லர். வருஷத்தில் ஒன்பது மாதம் மத்தியப் பிரதேசத்தில் தண்ணீருக்குப் போர்வெல் போடுவார். ஆறு வருஷத்தில் மூன்று போன்களை இழந்தவர். ஒன்று சேற்றில் விழுந்தது, ஒன்றின் மேல் துளைபோடும் ராடு சாய்ந்தது, மூன்றாவதன் காதுக்குள் கல்மாவு புகுந்து அடைத்துக்கொண்டது.

நாலாவதைச் சேலத்தில் வாங்கியதும் கண்ணாடி ஒட்டி, ரப்பர் கவர் மாட்டினார். அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டார். பையை ஒரு தூக்குப்போசிக்குள் வைத்து இறுக மூடி, வண்டியின் கேபினில் தொங்கவிட்டார். சாயங்காலம் வேலை முடிந்தபின்தான் திறப்பார். போசிக்குள் சிக்னல் எட்டாததால் மனைவி சௌந்திரம் பகலில் கூப்பிட்டால் கிடைக்கவே மாட்டார்.

“போன் வாங்குனது பேசறதுக்குங்களா, பொதைக்கறதுக்குங்களா?” என்று அவள் ஒருமுறை கேட்டாள். வேலுசாமி யோசித்துவிட்டு, ரெண்டுக்கும்தான் என்றார்.

மகள் யுவஸ்ரீக்குப் பிளஸ் டூ ரிசல்ட் வரும் நாளில் மட்டும் போனை வெளியே எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்று ஒரு சோயா விவசாயியின் வயக்காட்டில் போர். அறுநூறு அடி வரை புழுதிதான் பறந்தது. அறுநூற்று நாற்பதில் தண்ணீர் பனை உயரத்துக்குப் பீய்ச்சி அடித்தது. லீவரைப் பக்கத்திலிருந்த உதவியாள் கதிர்வேலிடம் விட்டுவிட்டு, வேலுசாமி இரண்டு கைகளாலும் நெஞ்சைப் பொத்திக்கொண்டு குனிந்து உட்கார்ந்துவிட்டார்.

தண்ணீர் வந்த சந்தோஷத்தில் இருந்த விவசாயி அவரைப் பார்த்துப் பதறிப்போனார். நெஞ்சுவலி என்றே எல்லோரும் முடிவு செய்தார்கள். கம்ப்ரசர் இரைச்சலில் வேலுசாமி சொன்னது யார் காதிலும் விழவில்லை. கையை விலக்கப் பார்த்தார்கள்; அவர் விலக்கவிடவில்லை. வலி கடுமையாக இருப்பதாகப் புரிந்துகொண்டு நாலு பேர் தூக்கி ஜீப்பில் போட்டார்கள். ஜீப்பில் ஒருவர் விடாமல் நெஞ்சை நீவிவிட, போனைக் காப்பாற்றுவதே அவருக்குப் பெரும்பாடாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் சட்டையைக் கழற்றினார்கள். நர்ஸ் போனை எடுத்து ஒரு தட்டில் வைத்தாள். அதில் ஒரு சொட்டு ஈரமில்லை. நெஞ்சில் வயர்களை ஒட்டி ஈசிஜி எடுத்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. நர்ஸ் எடுத்து இந்தியில் ஏதோ சொன்னாள். அதில் மறுமுனையிலிருந்த யுவஸ்ரீக்குப் புரிந்த ஒரே வார்த்தை ஹாஸ்பிடல். அழுகைச் சத்தம் வேலுசாமிக்கே கேட்டது. கை நீட்டிப் போனை வாங்கினார்.

“அப்பா, உங்களுக்கு என்னாச்சுங்க?”

“எனக்கொண்ணுமில்ல சாமி. போனுக்கும் ஒண்ணுமில்ல. நீ மார்க்கச் சொல்லு.”

“ஐநூத்தி அறுபத்தொண்ணுங்கப்பா.”

அவர் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். ஈசிஜி கோடு திடீரென்று எகிறியது. டாக்டர் முகம் மாறி, சாயங்காலம் வரை அசையாமல் படுத்திருக்கச் சொன்னார். வேலுசாமியும் மறுக்காமல் படுத்திருந்தார். இந்த வேலைக்கு வந்த பதினாலு வருஷத்தில் பகலில் அவர் படுத்தது அன்றுதான்.

ஆடிக்கு ஊர் திரும்பியபோது அந்த ஈசிஜி காகிதத்தையும் மடித்து எடுத்து வந்தார். சௌந்திரம் அதை வாங்கி ஒரு நிமிஷம் பார்த்தாள். மகளின் மார்க் ஷீட் இருந்த உறைக்குள்ளேயே போட்டு பீரோவில் வைத்துப் பூட்டினாள்.