சந்தனம் பூசிய ஹாரன் பொத்தான்

கண்ணயரும் நேரத்தில் இன்றும் என் கட்டைவிரல் தானாக எதையோ அமுக்கிப் பார்க்கும். பக்கத்தில் படுத்திருக்கும் என் மனைவி, "கடைய சாத்திட்டு வந்து படுய்யா" என்று சிரிப்பாள். அவள் சொல்வது சரிதான். பாதித் தூக்கத்தில் எனக்குத் தெரிவது மனிதர்கள் இல்லை, ஸ்விட்சுகள். பழுப்பேறிய வெள்ளைக் குமிழ்கள், காலால் மிதித்தால் முன்விளக்கைத் தாழ்த்தும் இரும்புக் குமிழ், கதவைத் திறந்தால் உள்விளக்கை ஏற்றும் கடுகளவு ஊசி. எல்லாம் தண்ணீரில் மிதப்பதுபோல மெதுவாக வந்து போகும்.

திருப்பதியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் எனக்குக் கடை இருந்தது. கடை என்று சொல்வது கொஞ்சம் பெருமைக்குத்தான். ஒரு கதவு, ஒரு பலகை, அவ்வளவே. ஜமீன்களும் பெரிய அதிகாரிகளும் ஓட்டிக் கழித்த சீமைக் கார்கள் அப்போது வாடகை வண்டிகளாகி, யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு அலைந்தன. இன்ஜினைப் பார்க்க ஊரில் ஆட்கள் இருந்தார்கள். ஸ்விட்சு போனால் மட்டும் என்னிடம் வருவார்கள். புதுசு எங்கேயும் கிடைக்காது. சித்தூர் பழைய இரும்புக் கடைகளில் கூடை கூடையாகத் துழாவுவேன். மெட்ராஸுக்கு ரயிலேறிப் போய் ஒரே ஒரு ஸ்பிரிங்கோடு திரும்பியதும் உண்டு. எந்த ஊரில், எந்த மரத்தடியில், எந்த வண்டி செத்துக் கிடக்கிறது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி.

ஸ்விட்சு என்பது பெரிய விஷயமில்லை. இரண்டு பித்தளைத் துண்டுகள். தொட்டால் வேலை நடக்கும், விலகினால் நின்றுபோகும். நடுவில் துருவோ தூசியோ வந்து உட்கார்ந்துகொள்ளும். அதைச் சுரண்டி எடுப்பதுதான் என் பிழைப்பு.

ஆந்திரா தனி மாநிலமாகிவிட்டது, ஆனால் எல்லை எங்கே என்பது முடிவாகவில்லை. எந்த ஊர் இந்தப் பக்கம், எந்த ஊர் அந்தப் பக்கம் என்று டீக்கடைக்கு டீக்கடை சண்டை நடந்த காலம். அந்தச் சண்டை என் சிநேகிதர் ஒருவரின் குடும்பத்துக்குள்ளும் புகுந்துவிட்டது.

அவர் வாடகைக் கார் டிரைவர். என் வயதுதான். அந்த வருஷம்தான் கல்யாணம். பெண் நகரிக்குப் பக்கத்துக் கிராமம், சொந்த அக்கா மகள். ஆடி மாதம் வழக்கப்படி பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். ஆவணியில் கூட்டிவரப் போனவர், சாப்பாட்டு இலையில் உட்கார்ந்து மாமனாரோடு எல்லைப் பேச்சை எடுத்துவிட்டார். மாமனார் மெட்ராஸ் பக்கம். இவர் திருப்பதி ஸ்டாண்டில் வண்டி போடுகிறவர், ஆந்திரா பக்கம். பேச்சு முற்றி, பாதிச் சாப்பாட்டில் எழுந்து, "இனிமே உங்க வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வெறும் வண்டியோடு திரும்பினார். மனைவி அங்கேயே நின்றுவிட்டாள்.

புரட்டாசி வந்தது. ஆள் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. கடைசியில் பஸ் கண்டக்டர் ஒருவர் மூலம் மனைவிக்குச் சேதி அனுப்பினார். ஆயுத பூஜையன்று பொழுதுசாயும் நேரத்தில் ஊர்ப் புளியமரத்தடியில் வந்து நின்று ஹாரன் அடிப்பேன். வந்தால் கூட்டிக்கொண்டு போவேன். வராவிட்டால் இனி வரவே மாட்டேன்.

"இது இன்னாய்யா சேதி? பொண்டாட்டிய கூப்புடறியா, சவாரிய கூப்புடறியா?" என்று கேட்டேன். "சொன்ன வார்த்த சொன்னதுதான் மேஸ்திரி. வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்றார். எனக்கு அவர்மேல் வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை.

ஆயுத பூஜையன்று காலையில் என் திருப்புளி, குறடு, அரம் எல்லாவற்றையும் துடைத்து, பலகையில் அடுக்கி, பொட்டு வைத்து, பொரி கடலை படைத்தோம். மறுநாள் மறுபூஜை போட்டு எடுக்கும்வரை அவற்றைத் தொடக் கூடாது. எனக்குப் பெரிய பக்தி கிடையாது. ஆனாலும் வருஷம் முழுக்க என் கையில் அடிபடுகிற சாமான்கள் அன்றைக்கு ஒரு நாளாவது படுத்துக் கிடப்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

மதியம் சாப்பிட்டுக் கண்ணை மூடியபோது டிரைவர் ஓடிவந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"மேஸ்திரி, ஹாரன் கூவ மாட்டேங்குது!"

போய்ப் பார்த்தேன். வண்டிக்கு மாலை, வாழைக்கன்று, சக்கரத்துக்கடியில் நசுங்கிய எலுமிச்சம்பழம். ஸ்டியரிங் நடுவில் ஹாரன் பொத்தான் இருந்த இடத்தில் ஒரு சந்தன மேடு. எல்லாவற்றுக்கும் ஒரு பொட்டு வைத்தவர், இதற்கு மட்டும் கைநிறைய அப்பியிருக்கிறார்.

"இன்னிக்கு அதுதானே பேசணும், அதான் கொஞ்சம் ஜாஸ்தியா வெச்சேன்" என்றார்.

சந்தனம் தண்ணீரோடு உள்ளே இறங்கி, பித்தளைக்கு நடுவில் காய்ந்து கட்டியாகிவிட்டது. ஹாரன் கூவவில்லை என்றதும் பயத்தில் பொத்தானை முஷ்டியால் குத்தியிருக்கிறார். அது இரண்டாகப் பிளந்து, ஸ்பிரிங் எங்கோ தெறித்துப் போயிருந்தது.

கருவி எடுக்க முடியாது. என் மனைவி தன் கொண்டை ஊசியை உருவிக் கொடுத்தாள். "இதுக்கு பூஜ போடல, எடுத்துக்கோ" என்றாள். அதைக்கொண்டு சந்தனத்தைச் சுரண்டி எடுத்தேன். பித்தளை பளிச்சென்று ஆனது. ஆனால் உடைந்த பொத்தானை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அப்போதுதான் வடமாலபேட்டை நினைவுக்கு வந்தது. அங்கே ஒரு கடலைக்காய் மில்லுக்குப் பின்னால் இதே வண்டியின் ஜோடி ஒன்று செத்துக் கிடந்தது. போகிற வழிதான். அதன் பொத்தானைக் கையாலேயே திருகிக் கழற்றிவிடலாம். நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன்.

மில் பூட்டியிருந்தது. காவல்காரர் மட்டும் பொரி தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தார். பின்பக்கம் போய்ப் பார்த்தால், நெருஞ்சி முளைத்துச் சக்கரமில்லாமல் கிடந்த அந்த வண்டிக்கும் மாலை போட்டிருந்தார்கள். துருப்பிடித்த இன்ஜின் மூடியில் மூன்று விரல் சந்தனம். மத்தியான வெயிலில் அது ஏதோ கோயில்போலத் தெரிந்தது. நான் கையை நீட்டியதும் காவல்காரர் குறுக்கே வந்துவிட்டார்.

"ஒத்து நைனா, ஒத்து! தொடாத. பூஜ போட்ட வண்டி. நாளிக்கு வந்து எடுத்துக்கினு போ."

"செத்த வண்டிக்கு இன்னாத்துக்கு பூஜ?" என்று டிரைவர் கத்தினார்.

"உன் வண்டிக்கு போட்டியே, அது மட்டும் உசுரோடவா கீது?" என்றார் அவர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டிரைவர் மட்டும் மாலை போட்ட அந்த வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது. பாவமாகப் போயிற்று.

"யோவ், பொத்தானே வேணாம்" என்றேன். ஸ்டியரிங் தண்டின் அடியில் ஹாரன் ஒயர் ஒன்று வரும். அதன் நுனியை வண்டி இரும்பில் தொட்டால் போதும், ஹாரன் கூவும். பொத்தான் செய்கிற வேலையே அந்தத் தொடுதல்தான். கிளம்பும்போதே இதைச் சொல்லியிருந்தேன். ஒயரைத் தேய்த்தா பெண்டாட்டியைக் கூப்பிடுவது என்று முகத்தைச் சுளித்தவர், இப்போது தலையாட்டினார். நான் அவர் காலடியில் குனிந்து ஒயரை இழுத்து, நுனியைப் பல்லால் உரித்தேன். மீதி வழிக்கு நானே ஸ்விட்சு.

புத்தூர் தாண்டியதும் வெயில் மஞ்சளாகிவிட்டது. மலைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் நகர்ந்தன. கரும்பு வயல், கடலைக் கொல்லை, தறிச் சத்தம் வரும் தெருக்கள். இதில் எது எந்த மாநிலத்துக்குப் போகும் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். மண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. மாலையிலிருந்த சாமந்தி, காற்றில் இதழ் இதழாகப் பிய்ந்து கண்ணாடியில் ஒட்டியது. நான் கனவுக்குள் உட்கார்ந்து போவதுபோல் இருந்தது. கையில் ஒயர் மட்டும் நிஜம்.

புளியமரத்தடியில் வண்டி நின்றது. கூப்பிடு தூரத்தில் மாமனார் வீடு. "அடி மேஸ்திரி" என்றார். ஒயரை இரும்பில் தொட்டேன். அந்தக் கரகரத்த ஹாரன் ஊரையே எழுப்பியது. மரத்திலிருந்த காக்கைகள் பறந்தன. யாரும் வரவில்லை.

"இன்னொரு தபா."

தொட்டேன். வீட்டுக்குள் விளக்கு ஏற்றுவது தெரிந்தது. வாசலில் யாரும் தெரியவில்லை. திரும்பத் திரும்பத் தொட்டேன். விரல் நுனி சுட்டது. கடைசியில் எனக்கே கோபம் வந்து ஒயரைக் கீழே போட்டேன்.

"போதும்யா. வண்டியத் திருப்பு, இல்லாட்டி எறங்கு. ரெண்டுல ஒண்ணு பண்ணு."

அவர் ஸ்டியரிங்கில், பொத்தான் இல்லாத அந்தக் குழியில் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்து இறங்கினார். என்னைத் துணைக்கு வரும்படி கையைக் காட்டினார்.

வாசலில், விளக்கு வெளிச்சம் எட்டாத ஓரத்தில், பூட்டிய தகரப் பெட்டிமேல் அவள் உட்கார்ந்திருந்தாள். தலை நிறையப் பூ. அவரைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"ஹாரன் கேக்கலியா?" என்றார் டிரைவர்.

"மொத தபாவே கேட்டுச்சி மாமா. அப்பவே பொட்டியத் தூக்கியாந்து வெச்சிட்டேன். நீ எறங்கி வருவியான்னுதான் பாத்துக்கினு இருந்தேன்."

டிரைவர் பெட்டியைத் தொடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, தலை குனிந்து, வாசற்படியை மிதித்து உள்ளே போனார். நான் வண்டிக்குத் திரும்பி வந்து, ஒயர் நுனியில் துணியைச் சுற்றிவைத்தேன்.